100 ரூபாய் பெட்ரோலில் 70 ரூபாய் சூடாகவே போகிறது... திரும்பப் பிடிக்க முடியுமா? ஓசூர் மேடு சொல்லும் கணக்கு!

டிசம்பர் மாதம், காலை 5.30 மணி. ஓசூர், பாகலூர் ரோட்டில் உங்கள் வீட்டு வாசல். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்ப வேண்டும். ஸ்வெட்டர், குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு காரை ஸ்டார்ட் செய்கிறீர்கள். பின்னால் சைலன்ஸரிலிருந்து வெள்ளையாகப் புகை. கொஞ்ச நேரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்!

'ஐயோ, இன்ஜினுக்குள்ள தண்ணி இறங்கிடுச்சா?' என்று பதற வேண்டாம். பெட்ரோல் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் நீராவியாக மாறும். ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த குளிர்ந்த சைலன்ஸரில் அந்த ஆவி பட்டதும் தண்ணீராகச் சொட்டுகிறது. அவ்வளவுதான். வண்டி சூடானதும் நின்றுவிடும்.

அதே காரில் ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி வரை போய்த் திரும்புங்கள். இப்போது அந்த சைலன்ஸரைத் தொட்டுப் பாருங்கள்... வேண்டாம், தொட்டுடாதீங்க, தோல் உரிஞ்சுடும்! காலையில் தண்ணீர் சொட்டிய அதே குழாய், இப்போது தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது.

இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? உங்கள் பர்ஸிலிருந்துதான். பங்க்கில் நீங்கள் கொடுத்த காசுதான் இப்படி அனலாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

கரன்ட் பில் பாஷையில் ஒரு கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் எரிசக்தியை நமக்குப் பழக்கமான கரன்ட் பில் பாஷையில் சொன்னால், ஏறக்குறைய 9 யூனிட். விலையை ரவுண்டாக லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

சாதாரண பெட்ரோல் கார், நல்ல ரோட்டில் ஒரே சீராக ஓடும்போது அந்த 100 ரூபாயில் சுமார் 30 ரூபாய்தான் வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. இன்னொரு 30 - 35 ரூபாய், சூடான புகையாக சைலன்ஸர் வழியே போய்விடும். 30 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைய ரேடியேட்டர் தண்ணீர் வாங்கிக்கொண்டு காற்றில் விட்டுவிடும். மிச்சம் உராய்விலும், இன்ஜின் உடம்பு சூட்டிலும் காலி. சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று போகும் டவுன் டிராஃபிக்கில் அந்த 30 ரூபாய் இன்னும் இளைத்துவிடும்.

இன்னொரு விதமாகச் சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது சைலன்ஸர் வழியாக மட்டும் போகும் சூடு ஏறக்குறைய 3 யூனிட். நம்ம ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டரின் சின்ன பேட்டரி 2.9 யூனிட். அதாவது, ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு ஸ்கூட்டர் பேட்டரி நிறையும் அளவுக்கு எரிசக்தியைப் பின்னால் ஊதித் தள்ளிக்கொண்டே போகிறோம்!

'அப்போ அந்தச் சூட்டைப் பிடிச்சு கரன்ட்டா மாத்தி வண்டியை ஓட்ட வேண்டியதுதானே?'

நல்ல கேள்வி. 100 வருஷத்துக்கும் மேலாக இன்ஜினீயர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வியும் இதுதான்.

ஒகேனக்கல் தண்ணியும், ஏரித் தண்ணியும்

ஓசூர் ராமநாயக்கன் ஏரியில் நிறையத் தண்ணீர் இருக்கிறது. அதில் ஒரு சக்கரத்தை வைத்தால் சுற்றுமா? சுற்றாது. ஒகேனக்கல்லில் விழும் காவிரியில் வைத்தால்? பிய்த்துக்கொண்டு சுற்றும். அளவு மட்டும் போதாது; உயரத்திலிருந்து விழ வேண்டும்.

சூடும் அப்படித்தான். அதன் 'உயரம்' என்பது வெப்பநிலை வித்தியாசம். வெளியே 30 டிகிரி இருக்கும்போது, 600 டிகிரி செல்சியஸில் வரும் புகை ஓர் அருவி. 90 டிகிரியில் இருக்கும் ரேடியேட்டர் தண்ணீர், ஏரி.

1824-லேயே சாடி கார்னோ என்ற பிரெஞ்சு இன்ஜினீயர் இதற்கு ஒரு எல்லைக்கோடு போட்டுவிட்டார். அவர் வழியில் கணக்குப் போட்டால், அந்த 600 டிகிரி புகையிலிருந்து எவ்வளவு கெட்டிக்கார மெஷின் வைத்தாலும் அதிகபட்சம் 65 சதவிகிதம்தான் வேலையாக மாற்ற முடியும். 90 டிகிரி தண்ணீரிலிருந்து? வெறும் 16 சதவிகிதம். இதுவும் ஏட்டுக்கணக்கு. நிஜ மெஷினில் இதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம்.

எனவே, ரேடியேட்டர் சூட்டை மறந்துவிடலாம். பிடிக்க வேண்டிய ஆள் சைலன்ஸர் பக்கம்தான் இருக்கிறார். அவரை ஏற்கெனவே ஒருவர் பிடித்துவிட்டார். அதைப் பார்க்க மேலுமலை வரை வாருங்கள்.

மேலுமலை மேட்டில் ஒரு கரும்பு ஜூஸ் மெஷின்

கிருஷ்ணகிரி டோல் தாண்டி, குருபரப்பள்ளி வழியாக ஓசூர் நோக்கி வருகிறீர்கள். மேலுமலையில் ரோடு மேலே ஏறத் தொடங்குகிறது. சூளகிரி தாண்டி ஓசூரைத் தொடும்போது கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருப்பீர்கள். கிருஷ்ணகிரியை விட ஏறக்குறைய 400 மீட்டர் மேலே. அந்த மேட்டில் லோடு லாரிகள் முக்கி முனகி ஏறும்போது, சன்னமாக 'உய்ய்ய்ங்' என்று ஒரு விசில் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? அதுதான் டர்போசார்ஜர்.

கரும்பு ஜூஸ் கடையில் கவனித்திருப்பீர்கள். ஒரு தடவை மெஷினில் விட்ட கரும்பை அப்படியே தூக்கிப் போட மாட்டார்கள். மடித்து, இன்னொரு தடவை விடுவார்கள். சக்கையில் மிச்சம் இருக்கும் ஜூஸும் வந்துவிடும். டர்போ செய்வதும் அதேதான். இன்ஜின் 'போதும்' என்று வெளியே தள்ளிய புகையை இன்னொரு தடவை பிழிகிறது.

ஒரே தண்டு. அதன் ஒரு முனையில் ஒரு சக்கரம், மறுமுனையில் இன்னொரு சக்கரம். வெளியே போகும் சூடான புகை முதல் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டில் இருக்கும் இரண்டாவது சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் திணிக்கிறது. லாரி டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை ஒட்டிச் சுற்றும். சின்ன கார்களின் டர்போ 2 லட்சத்தையும் தாண்டும்!

மேட்டில் இதற்கு இன்னொரு அருமையும் இருக்கிறது. ஓசூர் உயரத்தில் காற்றின் அழுத்தம் சென்னையைவிட சுமார் 10 சதவிகிதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு மூச்சும் அந்த அளவு குறையும். டர்போ அந்தக் குறையை இட்டு நிரப்பிவிடும். மேட்டில் டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் புகை அதிகம், சூடு அதிகம், டர்போ வேகமும் அதிகம். பலம் தேவைப்படும் அதே நொடியில் கழிவுச் சூடும் கை கொடுக்கிறது. இந்த ஜோடிப் பொருத்தம்தான் டர்போவை ஜெயிக்க வைத்தது.

ஸ்விட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரெட் பூக்கி, புகையால் சுற்றும் இந்த ஏற்பாட்டுக்கு 1905-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கப்பல் இன்ஜின்களில் ஆரம்பித்து லாரி, பஸ் என்று இறங்கி, இன்று ஒரு லிட்டர் ஹேட்ச்பேக் வரை வந்துவிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டர்போ எனர்ஜி நிறுவனம், 1980-களிலிருந்து இந்த டர்போக்களை இங்கேயே செய்கிறது. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலைக்கும் வயது ஏறக்குறைய அதுதான்; 1980-ல் தொடங்கியது. மாசு விதிகள் ஒவ்வொரு படியாக இறுக இறுக, டர்போ இல்லாத லாரி டீசல் இன்ஜின் நம் ரோட்டிலிருந்து கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டது.

'அப்போ டர்போ கார் வாங்கினா மைலேஜ் கூடுமா?' கூடும், ஆனால் ஒரு கண்டிஷன். டர்போவால் லாபம் என்பது, 1.5 லிட்டர் இன்ஜின் செய்யும் வேலையை 1 லிட்டர் இன்ஜினை வைத்தே செய்துவிடலாம் என்பதில்தான் இருக்கிறது. இன்ஜின் சின்னது என்றால், சும்மா ஓடும்போது ஆகும் வீண் செலவும் குறைவு. அந்தச் சின்ன இன்ஜினை எந்நேரமும் மிதித்துக்கொண்டே இருந்தால், பெரிய இன்ஜின் குடிப்பதையே அதுவும் குடிக்கும். காசை மிச்சம் பிடிப்பது டர்போவும் உங்கள் வலது காலும் சேர்ந்துதான்.

கார்ல ஒரு நீராவி இன்ஜின் வெச்சா?

டர்போ பிழிந்த பிறகும் சக்கையில் ஜூஸ் மிச்சம் இருக்கும். அதையும் விடக் கூடாது என்று இறங்கியவர்கள் உண்டு.

நம் ஓசூர் டி.வி.எஸ் ஆலையில் ஜி 310 பைக்குகளைத் தயாரித்து வாங்கும் பி.எம்.டபிள்யூ, 2005-ல் 'டர்போஸ்டீமர்' என்ற ஒன்றைக் காட்டியது. சைலன்ஸர் சூட்டில் திரவத்தைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியால் ஒரு குட்டி இன்ஜினை ஓட்டி, மெயின் இன்ஜினுக்குத் தோள் கொடுப்பது. பழைய ரயில் இன்ஜினைச் சுருக்கி, காரின் வயிற்றுக்குள் வைத்தது போல! 1.8 லிட்டர் இன்ஜினில் 10 கிலோவாட் கூடுதல் பவர், 15 சதவிகிதம் வரை எரிபொருள் மிச்சம் என்றார்கள். பத்து வருடத்தில் ஷோரூமுக்கு வரும் என்றும் சொன்னார்கள். வரவில்லை.

இன்னொரு கூட்டம், அசையும் பாகமே வேண்டாம் என்றது. சில உலோகக் கலவைகளில் ஒரு பக்கத்தைச் சூடாக்கி மறுபக்கத்தைக் குளிர்ச்சியாக வைத்தால் நேரடியாகக் கரன்ட் வரும். 1821-ல் சீபெக் கண்டறிந்த விளைவு இது. 1977-ல் கிளம்பிய நாசாவின் வாயேஜர் விண்கலங்கள், இதே முறையில்தான் கதிரியக்கச் சூட்டிலிருந்து கரன்ட் எடுத்துப் பல பத்தாண்டுகளாக உயிரோடு இருக்கின்றன. காரிலும் சோதித்தார்கள். கிடைத்தது சில நூறு வாட். ஹெட்லைட்டுக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் சரி. போகும் சூட்டில் 5 சதவிகிதத்தை ஒட்டித்தான் இது கரன்ட்டாக மாற்றுகிறது. அந்தக் கலவைகளோ விலை அதிகம். இந்தக் கணக்கை மாற்ற முடியுமா என்று பார்க்கும் இடங்களில் ஒன்று நம் சென்னையில் இருக்கிறது. மத்திய அரசின் ஏ.ஆர்.சி.ஐ ஆய்வு நிறுவனத்தின் வாகன எரிசக்திப் பொருள்களுக்கான மையம், ஐ.ஐ.டி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் இயங்குகிறது. வாகனக் கழிவுச் சூட்டுக்கான இத்தகைய கலவைகளும் அங்கே ஆய்வில் உள்ளன.

ஃபார்முலா 1 ரசிகரா நீங்கள்? அப்போ 'எம்.ஜி.யு-ஹெச்' தெரிந்திருக்கும். 2014 முதல் 2025 வரை எஃப் 1 கார்களின் டர்போ தண்டிலேயே ஒரு மோட்டாரைக் கோத்து, புகைச் சூட்டிலிருந்து கரன்ட் எடுத்தார்கள். இது மாதிரி வித்தைகளால், எரிபொருளில் பாதிக்கும் மேல் வேலையாக மாற்றிக் காட்டியது மெர்சிடிஸ். ஆனால் செலவும் சிக்கலும் தாங்காமல், 2026 விதிகளில் அந்தப் பாகத்தையே எடுத்துவிட்டார்கள். பணத்தைக் கொட்டும் எஃப் 1-க்கே கட்டுப்படியாகவில்லை என்றால், நம்ம ஹேட்ச்பேக்குக்கு?

ராமநாதபுரத்தில் ஜெயித்தது, கார்ல ஏன் தோற்றது?

கழிவுச் சூட்டிலிருந்து நீராவி எடுப்பது தோற்றுப்போன ஐடியா என்று நினைத்துவிடாதீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் வழுதூர் எரிவாயு மின் நிலையத்துக்குப் போனால், அதே ஐடியா ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அங்கே முதல் யூனிட்டில் கேஸ் டர்பைன் தரும் மின்சாரம் 60 மெகாவாட். அது வெளியே தள்ளும் சூடான புகையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவி டர்பைன் வழியாக இன்னொரு 35 மெகாவாட் எடுக்கிறார்கள். கூடுதலாக ஒரு சொட்டு எரிபொருள்கூட இல்லாமல்!

அங்கே ஜெயித்ததற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இடம். பெரிய பாய்லர் வைக்கலாம், எடையைப் பற்றிக் கவலையே இல்லை. காரிலோ ஒவ்வொரு கூடுதல் கிலோவையும் நீங்கள்தான் பெட்ரோல் போட்டுச் சுமக்க வேண்டும். இரண்டாவது, சீரான ஓட்டம். மின் நிலையம் மணிக்கணக்கில் ஒரே மாதிரி ஓடும். கார் ஜூஜூவாடி சிக்னலில் நிற்கும், அத்திப்பள்ளியில் ஊரும், எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் பறக்கும். திரவம் கொதிப்பதற்குள் ஆபீஸ் வந்துவிடும்! மூன்றாவது, ஓடும் நேரம். போட்ட காசு திரும்ப வர வேண்டுமென்றால், மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நம் கார், நாளில் பெரும்பகுதி பார்க்கிங்கில் தூங்குகிறது.

அதனால்தான் இந்த ஆராய்ச்சியில் இன்னும் உயிர் இருப்பது, தொலைதூர லாரிகளில். அமெரிக்காவில் கம்மின்ஸும் பீட்டர்பில்ட்டும் சேர்ந்து செய்த 'சூப்பர் டிரக்', கழிவுச் சூட்டை மீட்கும் அமைப்பும் சேர்த்து, சுமார் 29 டன் மொத்த எடையோடு லிட்டருக்கு 4.5 கிலோமீட்டர் கொடுத்தது. ஸ்கேனியா 1991-லேயே டர்போவுக்குப் பின்னால் இரண்டாவது டர்பைன் ஒன்றை வைத்து, அதன் பலத்தைப் பல்சக்கரம் வழியாக நேரே இன்ஜினுக்கே திருப்பிக் கொடுத்தது. கரும்பை மூன்றாவது தடவை மெஷினில் விடுவது என்றால் இதுதான்!

முதல் தடவையே நல்லா பிழிஞ்சுட்டா?

இங்கேதான் ஜப்பான்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். 'சக்கையைப் பிழிய இரண்டாவது மெஷின் எதுக்கு? முதல் தடவையே சக்கை காயற மாதிரி பிழிஞ்சா போதுமே!'

சாதாரண இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கி முடிக்கும்போது, உள்ளே இருக்கும் புகைக்கு இன்னும் தள்ளும் பலம் மிச்சம் இருக்கும். ஆனால் பிஸ்டனுக்கு இறங்க இடம் இல்லை, வால்வு திறந்துவிடும். அந்த மிச்ச பலம் சைலன்ஸருக்குப் போய்விடும். 1880-களில் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர், புகை விரியும் தூரத்தை மட்டும் நீட்டினால் என்ன என்று யோசித்தார். இன்று அதை வால்வு மூடும் நேரத்தை மாற்றியே சாதிக்கிறார்கள். புகை முழுசாக வேலை செய்துவிட்டு, களைத்து, சூடு தணிந்து வெளியே வருகிறது.

இதில் இன்ஜினின் இழுவை கொஞ்சம் குறையும். அந்தக் குறையை மோட்டார் சமாளித்துக்கொள்ளும். அதுதான் ஹைபிரிட். பெங்களூருக்கு அந்தப் பக்கம் பிடதியில், டொயோட்டா ஆலையில் தயாராகும் இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் இந்த வகைதான். இந்த 2 லிட்டர் ஹைபிரிட் இன்ஜின் அதிகபட்சம் 41 சதவிகிதம் எரிசக்தியை வேலையாக மாற்றும் என்கிறது டொயோட்டா. பழைய 30 ரூபாய், இங்கே நல்ல நிலைமையில் 40 ரூபாயைத் தொடுகிறது. அதே பிடதியிலிருந்து 2022-ல் வந்த 1.5 லிட்டர் கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டுக்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் 27.97. நிஜ ரோட்டில் அதைவிடக் குறையும் என்றாலும், பைக் மைலேஜை எட்டிப் பார்க்கும் எஸ்.யூ.வி என்பது சின்ன விஷயமில்லை.

100 வருடக் கதையை இரண்டு வரியில் சொன்னால் இதுதான்: சூட்டைப் பிடித்து, வேறொன்றாக மாற்றி, சேமித்து, பிறகு பயன்படுத்த நினைத்தவை காரில் தோற்றன. சூட்டை அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே வேலை வாங்கியவை ஜெயித்தன.

எல்லாச் சூடும் கழிவு இல்லை பாஸ்!

இப்போது உங்கள் கார் விஷயத்துக்கு வருகிறேன். ஏனென்றால் சூட்டை விரோதியாகப் பார்த்து, நாமே காசை விரயம் செய்யும் இடம் ஒன்று இருக்கிறது.

'வண்டி ஹீட் ஆகுதா? தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடலாம், அப்புறம் ஹீட்டே ஆகாது' - பழைய கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக் ஷெட்டில் ஒரு முறையாவது கேட்டிருக்கும் வசனம். தயவுசெய்து இதற்குத் தலையாட்டாதீர்கள்.

தெர்மோஸ்டாட் என்பது ரேடியேட்டருக்குப் போகும் வழியில் நிற்கும் வாட்ச்மேன். இன்ஜின் தண்ணீர் சுமார் 80 - 90 டிகிரி ஆகும்வரை கதவைத் திறக்க மாட்டார். இன்ஜின் சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. சூடான இன்ஜினில்தான் ஆயில் இளகி ஓடும், உராய்வு குறையும், பெட்ரோல் முழுசாக ஆவியாகி எரியும். வாட்ச்மேனையே வேலையை விட்டு அனுப்பிவிட்டால், ஓசூர் குளிரில் பைபாஸில் போகும்போது இன்ஜின் சூடேறவே திணறும். 'இன்னும் வண்டி சூடாகலையே' என்று கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜும் போச்சு, இன்ஜின் ஆயுளும் போச்சு. வண்டி ஹீட் ஆகிறது என்றால், ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், வாட்டர் பம்ப், கூலன்ட் கசிவு, பழுதான தெர்மோஸ்டாட் - இதில் எது காரணம் என்று பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட் பழுது என்றால் புதுசு மாட்டச் சொல்லுங்கள்.

இன்ஜின் சீக்கிரம் சூடாவதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது தெரியுமா? டொயோட்டா 2010 மாடல் பிரையஸில், சைலன்ஸர் சூட்டை எடுத்து கூலன்ட்டுக்கே திருப்பிக் கொடுத்து இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்க ஒரு தனி அமைப்பையே வைத்தது. கரன்ட் இல்லை, நீராவி இல்லை. சூட்டைச் சூடாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். கழிவுச் சூட்டை மீட்பதில் இதைவிட எளிய வழி இல்லை!

அடுத்து, சைலன்ஸர் லைனில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். விஷப்புகையைச் சுத்தம் செய்யும் இந்தப் பெட்டி, சுமார் 250 - 300 டிகிரி சூடானால்தான் வேலையே ஆரம்பிக்கும். பி.எஸ்-6 டீசல் கார்களில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப் ஃபில்டருக்கோ, அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள 600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். தினமும் மத்திகிரியிலிருந்து சிப்காட்டுக்கு நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் டீசல் காரில் அந்த ஃபில்டர் அடைத்துக்கொண்டு, டேஷ்போர்டில் லைட் எரிவது இதனால்தான். 'கழிவு' என்று நாம் திட்டும் சூட்டில் ஒரு பங்கு, நாம் சுவாசிக்கும் காற்றைச் சுத்தம் செய்யும் கூலி.

சரி, நான் என்ன பண்ணணும்?

* குளிர்ந்த இன்ஜினை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓட விடாதீர்கள். ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் கிளம்புங்கள். முதல் சில கிலோமீட்டர் மெதுவாக, அதிகம் மிதிக்காமல் ஓட்டினால் சீக்கிரம் சூடாகும், பெட்ரோலும் வீணாகாது.

* சின்னச் சின்ன வேலைகளை ஒரே சுற்றில் முடியுங்கள். காலையில் பால், மதியம் பேங்க், சாயங்காலம் காய்கறி என்று மூன்று முறை குளிர்ந்த இன்ஜினை எழுப்புவதைவிட ஒரே சுற்று லாபம். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் நடந்துவிடுங்கள். ஓசூர் கிளைமேட்டுக்கு நடக்க என்ன கசக்கிறதா?

* டர்போ வண்டியா? மேலுமலை மேட்டிலோ, நீண்ட ஹைவே ஓட்டத்திலோ விரட்டிவிட்டு வந்து டக்கென்று ஆஃப் செய்யாதீர்கள். அரை நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். கொதிக்கும் டர்போ கொஞ்சம் ஆறட்டும். அதன் உயிரே ஆயில்தான். ஆயில் மாற்றும் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள்.

* டீசல் காரில் டி.பி.எஃப் லைட் எரிந்தால், மேனுவலில் சொன்னபடி ஹைவேயில் ஒரே சீரான வேகத்தில் ஓட்டுங்கள். ஃபில்டரை வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது சட்டத்துக்கும் விரோதம், பின்னால் வரும் பைக்காரர் நுரையீரலுக்கும் விரோதம்.

* சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் 'மைலேஜ் பூஸ்டர்', பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் தரும் கிட்... ரீல்ஸில் பார்த்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 100-க்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட சாதனங்களை ஆராய்ந்தது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டிய ஒன்றுகூட இல்லை. தண்ணீரைப் பிரிக்கும் கரன்ட்டும் உங்கள் இன்ஜினிலிருந்துதானே வருகிறது? வலது பாக்கெட்டிலிருந்து 100 ரூபாய் எடுத்து, இடது பாக்கெட்டில் 50 ரூபாய் போடும் கதைதான் அது.

இன்ஜின் ஊரில் இன்ஜின் இல்லாத வண்டி

கடைசியாக, ஓசூர் பக்கத்துப் பிள்ளைகள் மனதில் ஓடும் ஒரு கேள்வி.

போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர், சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி... 2021-க்குப் பிறகு இந்த வட்டாரமே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டை ஆகிவிட்டது. மோட்டாருக்குக் கொடுக்கும் கரன்ட்டில் ஏறக்குறைய 90 சதவிகிதம் சக்கரத்துக்கான வேலையாகிவிடுகிறது. சூட்டைத் துரத்திப் பிடிக்கும் 100 வருட ஓட்டத்தை, சூடே அதிகம் வராத வண்டி ஓரமாக நின்று பார்த்துச் சிரிக்கிறது. ஆனால் அந்தக் கரன்ட் நிலக்கரியிலிருந்து வந்தால், சூடு காணாமல் போகவில்லை; மேட்டூர் அனல் மின் நிலையத்தின் கூலிங் டவருக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். காற்றாலையும் சோலாரும் கூடக் கூடத்தான் அந்தக் கணக்கு நிஜமாகவே நேராகும்.

அப்படியென்றால் பிஸ்டன், வால்வு, ரேடியேட்டர், சைலன்ஸர் செய்து பிழைக்கும் சிப்காட், சிட்கோ பட்டறைகள்? ஐ.டி.ஐ முடித்துவிட்டு, லேத்தில் மைக்ரான் கணக்கில் உலோகம் சீவக் கற்றுக்கொண்ட தம்பி, தங்கைகள்? ஸ்கூட்டருக்கு வந்த மாற்றம் லாரிக்கு அதே வேகத்தில் வராது. அசோக் லேலண்ட் 2023-ல் ரிலையன்ஸோடு சேர்ந்து பெங்களூரில் காட்டிய ஹைட்ரஜன் லாரியிலும் இருப்பது, எரித்து ஓடும் இன்ஜின்தான். ஆனால் மாற்றம் வரும். சில பாகங்களுக்கு ஆர்டர் குறையும். அதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

அப்போதும் கைகொடுக்கப்போவது ஒரு திறமை: சூட்டைப் புரிந்துகொண்டு, அதை வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிடுவது. 2022-ல் நாட்டின் பல இடங்களில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, மத்திய அரசு பேட்டரி பாதுகாப்பு விதிகளை இறுக்கியது நினைவிருக்கும். பேட்டரிக்குப் பெரிய எதிரி சூடு. அதை உறிஞ்சி வெளியேற்றும் அலுமினியத் தகடு, கூலன்ட் பாதை, சென்ஸார் எல்லாவற்றையும் யாராவது ஒருவர் வடிவமைத்து, சீவி, பொருத்த வேண்டும். ரேடியேட்டர் செய்த கைக்கு இது அந்நியமான வேலை இல்லை. கற்றுக்கொள்ள வேண்டிய நேரம் மட்டும் இப்போது.

நாளைக் காலை, பனியில் காரை ஸ்டார்ட் செய்யும்போது சைலன்ஸரில் சொட்டும் அந்தத் தண்ணீரை ஒரு நிமிடம் பாருங்கள். அது நின்றுவிட்டதென்றால் சைலன்ஸர் சூடாகிவிட்டது, உங்கள் 70 ரூபாய் வெளியே கிளம்பிவிட்டது என்று அர்த்தம். முழுசாகத் தடுக்க உங்களாலும் முடியாது, பி.எம்.டபிள்யூவாலும் முடியவில்லை. ஆனால் அதில் ஐந்து, பத்து ரூபாயையாவது மிச்சம் பிடிக்க முடியும். அதற்கு எந்த கிட்டும் வாங்க வேண்டாம். வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது!